ஒற்றியிலிருந்து ஏலம் வரை: வீட்டை மீட்கக் கடைசி நாள் எது?

நாளிதழின் உள்பக்கங்களில் 'சுவாதீன அறிவிப்பு' என்ற தலைப்பில் பொடி எழுத்தில் கட்டம் கட்டி வரும் விளம்பரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், சர்வே எண், எத்தனை சென்ட், நான்கெல்லை, பாக்கித் தொகை என்று எல்லாம் அதில் இருக்கும். கிராமத்தின் பெயர் நமக்குத் தெரிந்ததாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று படிப்போம். தெரியாததாக இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

"கோர்ட் தீர்ப்பு ஒன்றும் இல்லாமல் வங்கி எப்படி வீட்டை எடுக்க முடியும்?" என்று நம் சங்க உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். இதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். அந்தக் கதை முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கடன் வாங்கியவர் பணத்தைக் கட்டித் தன் சொத்தை மீட்கக் கடைசி நாள் எது? அந்த நாள் காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. நகர்ந்தது பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒற்றி என்றும் ஒற்றியே

கருங்கல் வட்டாரத்தில் ஒற்றி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பணம் கொடுத்தவர் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேங்காயையோ மரச்சீனியையோ எடுத்துக்கொள்வார். அதுவே வட்டி. முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று நிலம் உடையவரிடம் வந்துவிடும். இன்றும் 'வீடு ஒற்றிக்கு' என்ற பலகையை நம் தெருக்களில் பார்க்கிறோம்.

ஒற்றியின் உயிர்நாடி மீட்பு உரிமை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 60-ஆம் பிரிவில் இதை எழுதி வைத்தது. அடமானம் என்று ஒன்று எழுதப்பட்டால் அது என்றும் அடமானம்தான், குறிப்பிட்ட தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் சொத்து கடன் கொடுத்தவருக்கே போய்விடும் என்று பத்திரத்தில் எழுதி அந்த உரிமையைப் பறித்துவிட முடியாது என்பது அதன் சாரம். 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மீட்பு வழக்குப் போட 60 ஆண்டு கொடுத்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 ஆண்டாக்கியது. அனுபவ ஒற்றியில் இந்தக் காலம் பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சிங் ராம் வழக்கில் சொன்னது. ஆக, தாத்தா ஒற்றி வைத்த நிலத்தைப் பேரன் மீட்பது சட்டத்துக்கும் புதிதல்ல, நம் ஊருக்கும் புதிதல்ல.

கோர்ட் வழி

கடன் கொடுத்தவர் அடமானச் சொத்தை விற்றுப் பணம் எடுக்க வேண்டுமென்றால் பொது விதி நீதிமன்றம்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆம் ஆணைப்படி முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு வரும். பணம் கட்ட ஆறு மாதம் வரை தவணை கிடைக்கும். கட்டாவிட்டால் இறுதித் தீர்ப்பு. அதன் பிறகே கோர்ட் ஏலம். ஏலம் முடிந்த பின்னும்கூட, விற்பனையை நீதிமன்றம் உறுதி செய்யும் முன்பு, பாக்கியையும் ஏலத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுதலாகவும் கட்டினால் ஏலம் ரத்தாகும். ஏலத்தில் எடுத்தவருக்கு ஏமாற்றம், வீட்டுக்காரருக்கு நிம்மதி.

இதில் வங்கிக்கு என்ன சங்கடம் என்றால், காலம். குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ ஒரு வழக்குப் போட்டால் தீர்ப்பு, மேல்முறையீடு, நிறைவேற்று மனு என்று ஆண்டுகள் ஓடும். வட்டி ஏறிக்கொண்டே போகும். கடைசியில் சொத்தின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நிற்கும்.

கோர்ட் இல்லாத விற்பனை புதிது அல்ல

2002-இல்தான் இந்த வழக்கம் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அதே 1882 சட்டத்தின் 69-ஆம் பிரிவிலேயே நீதிமன்றத்தின் தலையீடு இல்லாமல் விற்கும் அதிகாரம் இருந்தது. ஆனால் கைவிரலில் எண்ணக்கூடிய இடங்களில் மட்டும். ஆங்கில முறை அடமானமாக இருந்து, இரு தரப்பிலும் இந்துவோ முகமதியரோ பௌத்தரோ இல்லாதபோது அது செல்லும். கடன் கொடுத்தது அரசாங்கமாக இருந்து, விற்கும் அதிகாரம் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தாலும் செல்லும். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களிலும் அறிவிக்கப்பட்ட வேறு சில ஊர்களிலும் உள்ள சொத்தாக இருந்து, பத்திரத்தில் அந்த அதிகாரம் இருந்தாலும் செல்லும். அதற்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிராமத்து விவசாயியிடம் இந்தக் கத்தியைக் காட்டக் கூடாது என்று அன்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள் போலும். நம் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் அந்தச் சட்டத்துக்கு இங்கே நேரடி வேலையே இல்லை.

அடுத்த படி கூட்டுறவு வழியாக வந்தது. 1934-ஆம் ஆண்டின் மதராஸ் கூட்டுறவு நில அடமான வங்கிகள் சட்டம், அந்த வங்கிகளுக்கு நீதிமன்றம் போகாமலே அடமான நிலத்தை விற்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கொடுத்து விவசாயியை லேவாதேவிக்காரரிடமிருந்து காப்பாற்ற வந்த வங்கி அது. கொடுத்த பணம் திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். பிறகு 1951-இல் மாநில நிதிக் கழகங்கள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கடன் கட்டாத தொழிற்சாலையை நேரடியாகக் கையில் எடுக்கும் அதிகாரத்தை நிதிக் கழகங்களுக்குக் கொடுத்தது. ஆனால் சாதாரண வணிக வங்கிக்கும், சாதாரண வீட்டுக் கடன்காரருக்கும் வழி 2002 வரை கோர்ட்தான்.

2002-இல் என்ன மாறியது?

வாராக்கடன் பிரச்சினைக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று 1981-இல் திவாரி குழு சொன்னது. 1991-இல் நரசிம்மம் குழுவும் அதையே சொன்னது. 1993-இல் கடன் மீட்புத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அங்கேயும் கோப்புகள் குவிந்தன. 1998-இல் இரண்டாவது நரசிம்மம் குழுவும், அதன் பின் அந்தியருஜினா குழுவும் வங்கிகளுக்கு நேரடி அதிகாரம் வேண்டும் என்றன. 2002 ஜூன் 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. அதுவே ஆண்டு இறுதியில் 2002-ஆம் ஆண்டின் 54-ஆம் சட்டமானது. அதைத்தான் 'சர்ஃபேசி' என்கிறோம்.

பெரிய கம்பெனிகளின் கடனை நினைத்துத்தான் பேச்சு தொடங்கியது. ஆனால் சட்டம் பெரியவர், சிறியவர் என்று பிரிக்கவில்லை. ஆயிரம் கோடி ஆலைக்கும் 8 சென்ட் வீட்டுக்கும் ஒரே 13-ஆம் பிரிவு.

தொடக்கத்தில் சட்டம் இன்னும் கடுமையாக இருந்தது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்றிருந்தது. கட்ட முடியாததால்தானே வழக்கே! 2004 ஏப்ரல் 8 அன்று மர்தியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவில் ஏற்றுக்கொண்டு, இந்த 75 சதவீத நிபந்தனையை மட்டும் அடித்துவிட்டது. கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் வங்கி அதைப் பரிசீலித்துக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. அதன் பிறகுதான் 13(3ஏ) என்ற உட்பிரிவு சேர்ந்தது. இன்றைய நிலையில் ஆட்சேபம் கிடைத்த 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும்.

கடைசி நாள் நகர்ந்த கதை

இப்போது நம் மையக் கேள்விக்கு வருவோம்.

பம்பாயில் 69-ஆம் பிரிவின்படி கோர்ட் இல்லாமல் விற்ற ஒரு சொத்து பற்றிய நாரன்தாஸ் கர்சன்தாஸ் வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விதியைச் சொன்னது. ஏலத்தில் கேள்வி முடிந்தாலும் மீட்பு உரிமை சாகாது, வாங்கியவர் பெயருக்குப் பத்திரம் எழுதிப் பதிவாகும் வரை உயிரோடு இருக்கும் என்பது அந்த விதி. பழைய ஒற்றி நியாயத்தின் தொடர்ச்சி என்று இதைச் சொல்லலாம். 2014-இல் கேரளத்திலிருந்து போன மாத்யூ வர்கீஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் நின்றது. 30 நாள் நோட்டீஸ் கண்டிப்பு என்றது. கடன்காரருக்கு மீட்க உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும் என்றது.

2016-இல் நாடாளுமன்றம் 13(8) உட்பிரிவைத் திருத்தி எழுதியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு, விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் முழு பாக்கியையும் கட்டி மீட்கலாம் என்றிருந்தது. இப்போது, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் கட்ட வேண்டும் என்று ஆனது. இரண்டு வரிகளுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு சொல்தான். நாள் கணக்கில் அது குறைந்தது ஒரு மாதம்.

இதன் முழு அர்த்தம் 2023 செப்டம்பர் 21 அன்று செலிர் எதிர் பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பில் தெரிந்தது. நவி மும்பையில் ஒரு நிலம். ஏலத்தில் 105 கோடி ரூபாய்க்கும் சற்று அதிகமாகக் கேட்டு ஒருவர் எடுத்து முழுப் பணமும் கட்டிவிட்டார். அதன் பிறகு கடன்காரர் 129 கோடி தருகிறேன், சொத்தை மீட்டுக்கொள்கிறேன் என்றார். வங்கியும் சம்மதித்தது, உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அறிவிப்பு வெளியானதோடு உரிமை முடிந்தது, வங்கி ஏலத்தை நம்பி வாங்கியவர் கையிலிருந்து சொத்தைப் பிடுங்க முடியாது என்பது தீர்ப்பு. 24 கோடி கூடுதலாகக் கொடுக்க வந்தவருக்கே கதவு மூடிவிட்டது என்றால், தம்பி வெளிநாட்டிலிருந்து அடுத்த வாரம் பணம் அனுப்புவான் என்று காத்திருப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலும் கோர்ட் இல்லாத ஏலம் உண்டு. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கில் கோர்ட் வழிதான். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் கோர்ட் இல்லாமல். ஆனால் அங்கே ஏலத்துக்கு ஐந்து வேலை நாளுக்கு முன்பு வரை விட்டுப்போன தவணைகளையும் செலவையும் மட்டும் கட்டிக் கடனைப் பழையபடி ஓட்டலாம். முழுக் கடனையும் அடைக்க வேண்டியதில்லை. கோர்ட் வேண்டாம் என்று வைத்தாலும் கடைசி நாளைத் தள்ளி வைக்கலாம் என்பதற்கு இது உதாரணம்.

இன்று நாள்கணக்கு எப்படி ஓடுகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. ஜனவரி 5 தவணை கட்டவில்லை, அதற்குப் பிறகும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 5 வாக்கில் 90 நாள் ஆகிறது. கணக்கு வாராக்கடன் ஆகும். அதற்கு முன்பே கிளைக்குப் போனால் மேலாளரிடம் பேச இடம் உண்டு. வாராக்கடன் ஆன பிறகு, ரிசர்வ் வங்கி விதிப்படி நிலுவை அசல், வட்டி முழுவதும் கட்டினால்தான் கணக்கு ஒழுங்குக்கு வரும். ஒன்றிரண்டு தவணை கட்டினால் போதாது.

ஏப்ரல் 15 அன்று 13(2) நோட்டீஸ். 60 நாளுக்குள் முழுக் கடனையும் கட்டச் சொல்லும். இந்த 60 நாளுக்குள்தான் ஆட்சேபம் எழுத வேண்டும். வட்டிக் கணக்கில் தவறு, கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை, சர்வே எண் பிழை என எதுவானாலும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நோட்டீஸ் வந்த பின் வங்கியின் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

ஜூன் 14-க்குப் பிறகு சுவாதீன நோட்டீஸ். வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் வரும், ஒன்று தமிழில். இது பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான். ஆட்களை வெளியேற்ற 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி மனுப் போடும். ஆட்சியர் உங்கள் கடன் வழக்கை விசாரிப்பதில்லை. காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து உத்தரவு போடுவார்.

இந்தக் கட்டத்திலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்கு அது மதுரையில். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை கேட்க 34-ஆம் பிரிவு இடம் தராது.

பிறகு மதிப்பீடு, குறைந்தபட்ச விலை, 30 நாள் விற்பனை நோட்டீஸ், ஏல அறிவிப்பு. இந்த 30 நாளைப் பணம் கட்டக் கொடுத்த தவணை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இன்றைய சட்டப்படி அது அப்படி அல்ல. அறிவிப்பு வெளியாகும் முன்பே மீட்க வேண்டும். முதல் தவணை தவறியதிலிருந்து உரிமை முடிய ஆறேழு மாதம்கூடப் போதும். தாத்தாவின் ஒற்றிக்கு 60 ஆண்டு, பேரனின் வீட்டுக் கடனுக்கு ஆறு மாதம். இதுதான் இந்தச் சரித்திரத்தின் சுருக்கம்.

ஏலத் தொகை பாக்கியைவிட அதிகமானால் மிச்சம் வீட்டுக்காரருக்குச் சேரும். கேட்டு வாங்க வேண்டும். குறைந்தால், உதாரணமாக 30 லட்சம் பாக்கிக்கு 24 லட்சம்தான் கிடைத்தால், மீதி 6 லட்சத்துக்கு வங்கி திரும்பவும் வரலாம். வீடு போனதோடு கடன் போய்விடாது.

நம் ஊருக்கு வேண்டிய சில குறிப்புகள்

விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கம் வீடும் தென்னையும் வாழையும் ஒரே பிரமாணத்தில் இருப்பதால் இதை நம்பிப் பலர் சும்மா இருக்கிறார்கள். 2018-இல் தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி எதிர் பாப்பிரெட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வருவாய்ப் பதிவேட்டில் விவசாயம் என்று இருப்பது மட்டும் போதாது, அடமானம் வைத்த சமயத்தில் நிலம் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும் என்றது. நிரூபிக்கும் பாரம் கடன்காரர் தலையில் என்பது 2023-இல் ஸ்ரீதர் வழக்கில் உறுதியானது.

இன்னும் இரண்டு விலக்குகள் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் கிடையாது. கடைசிச் சில ஆண்டுகளில் தடுமாறும் முதியவர்களுக்கு இது பெரிய துணை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் கவனிக்கவும். முதலில் கடன்காரரைப் பிடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. 13(11) அதைத் தெளிவாகச் சொல்கிறது. மகனின் கடனுக்கு அப்பா தன் பிரமாணத்தைக் கொடுத்திருந்தால் நோட்டீஸ் அப்பாவுக்கும் வரும்.

ஒற்றிக்கு வீடு எடுப்பவர்கள் முதலில் வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய ஒற்றி ஏற்கெனவே வங்கியில் இருக்கும் வீட்டில் உங்களைக் காப்பாற்றாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒற்றிக்குப் பதிவு கட்டாயம் என்பது 59-ஆம் பிரிவு.

'ஒரே தடவைத் தீர்வு' கேட்பது நல்ல வழிதான். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது, வங்கியின் முடிவு அது என்று 2021-இல் பிஜ்னோர் வங்கி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே அதற்கு மனுப் போட்டுவிட்டு நாள்கணக்கை மறந்துவிடக் கூடாது. மனு ஒரு பக்கம் நடக்கட்டும், நாட்கள் மறுபக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. வங்கியில் வேலை பார்த்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள், பதிவுத் தபாலை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புவதால் எதுவும் நின்றதில்லை. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டியும் நாளிதழில் போட்டும் நோட்டீஸ் கொடுத்ததாக்க விதி இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் ஒவ்வொரு உறையும் நம் கையில் இருக்கும் நாட்களைத்தான் குறைக்கிறது. அப்படி ஓர் உறை வந்தால் பிரித்து, தேதியைக் குறித்து, அதே வாரத்தில் கிளைக்கோ வழக்கறிஞரிடமோ போங்கள். காகிதத்தைப் படித்து நாள்கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நம் சங்கத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.